பிரேமளாவுக்கு மட்டும் ஒரு சிரிப்பு

வாசலில் கணவர் லோகேஸ்வரன் சிரிக்கும் சத்தம் கேட்டதும் தேன்மொழி குழாயை மூடினாள். ஜோகூர் பாருவில் இதய பைபாஸ் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் சிரித்து அவள் கேட்டதே இல்லை. இன்று கேட்கிறது. அதுவும் பக்கத்து வீட்டு பிரேமளாவோடு.

நெஞ்சுத் தையல் நன்றாகவே ஆறிவிட்டது. தலைதான் தடுமாறியது. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லாரி ஓட்டி ஜோகூரின் சந்துபொந்தெல்லாம் அறிந்த மனிதர், சிம்பாங் ரெங்கம் சந்தையில் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார். சீனி என்ற சொல் வராமல் "அந்த வெள்ளை" என்றார். சிலருக்கு இந்த ஆபரேஷனுக்குப் பிறகு இப்படி ஆவதுண்டு, பலருக்கு மெல்லத் தெளிந்துவிடும் என்றார் டாக்டர். தெளிய வைத்தே தீருவதென்று தேன்மொழி கங்கணம் கட்டிக்கொண்டாள். காலையில் எழுந்ததும் கிழமை கேட்பாள். மகள் எந்த ஊரில் வேலை பார்க்கிறாள் என்பாள். "சிங்கப்பூர்" என்று சொல்வதற்குள் அவருக்கு நெற்றி வியர்த்துவிடும்.

பிரேமளா என்ன செய்கிறாள்? சாயங்காலம் வாழைப்பழம் பொரித்த பிசாங் கோரெங் தட்டோடு வந்து உட்கார்கிறாள், அவ்வளவுதான். குளிப்பாட்டுவது இவள், மருந்து கொடுப்பது இவள். சிரிப்பு மட்டும் அவளுக்கு. தேன்மொழி சன்னலோரம் போய் நின்றாள்.

"இந்தப் பயத்த அக்காகிட்டயே சொல்லலாம்லா அண்ணே," என்றாள் பிரேமளா.

"எப்படிம்மா சொல்றது? அவ கேட்டாலே தெரிஞ்சதும் மறந்து போயிடுது. தப்பா சொன்னா அவ மூஞ்சி அப்படியே விழுந்துடும். அதப் பாக்கத்தான் பயமா இருக்கு. நீன்னா சிரிச்சிட்டுப் போயிடுவ."

தன் முகத்துக்காகத்தான் அந்தப் பயம் என்று தேன்மொழிக்குப் புரிந்தது. புரிந்தும் எரிச்சல் அடங்கவில்லை, இன்னும் கூடியது. இதைக்கூட அவளிடம்தானா சொல்ல வேண்டும்?

பிரேமளா போனதும் அவள் எழுந்த நாற்காலியிலேயே தேன்மொழி போய் உட்கார்ந்தாள். அதில் இன்னும் சூடு இருந்தது. லோகேஸ்வரன் நிமிர்ந்து உட்கார்ந்தார், கேள்விக்குத் தயாராவதுபோல. அவள் ஒன்றும் கேட்கவில்லை.

அவரே செம்பனைத் தோட்டத்துக்கு மேலே கையை நீட்டினார்.

"அங்க பாரு, கருப்பா... அது..."

மேகம் என்று நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கினாள்.

"யானை," என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பிரேமளாவாக இருந்தால் வந்திருக்கும்.

"ஆமாங்க," என்றாள். "பெரிய யானை."

மரங்களின் தலையை இருட்டாக்கிக்கொண்டு அது இந்தப் பக்கம் நகர்ந்து வந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.