இருபத்திரண்டாம் வளைவில் இரண்டு விளக்கு

வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு இறங்கும் மலைச்சாலையில், பனி நேரத்தில் ஹை பீம் போட்டால் தூரத்தில் இருப்பது பக்கத்தில் வந்துவிடும். ஃபாக் லைட் போட்டால் பக்கத்தில் இருப்பது அசையாமல் நிற்கும். இரண்டையும் சேர்த்துப் போட்டால், வந்தது அங்கேயே நின்றுவிடும். அந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் இது தெரியும். அதனால் யாரும் போடுவதில்லை.

வசுமதிக்கும் தெரியும். அவள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனை செய்கிறவள். பதினாறு வருடமாக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அது என்னவென்று பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. ஆனாலும் அந்த இரண்டு விளக்கையும் அவள் சேர்த்துப் போட்டதில்லை. அதற்கு ஒரு காரணம் வரவில்லை.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் காரணம் வந்தது. சாயங்காலம் ஐந்தரைக்கு அவளுடைய அக்கா கனகமணி போன் செய்தாள். இருவரும் பேசிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது.

"வசு, இன்னைக்கு வா. ஒண்ணு சொல்லோணும்."

"போன்லயே சொல்லு."

"போன்ல ஆகாது. மூஞ்சியப் பாத்துச் சொல்லோணும்."

அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அவர்களுடைய அப்பா பொள்ளாச்சியில், கனகமணியின் வீட்டில் இறந்தார். மூன்று நாள் இழுத்துக்கொண்டு கிடந்தார். வசுமதிக்குத் தகவல் வந்தது நான்காம் நாள். அவள் போய்ச் சேர்ந்தபோது, சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்து தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தார்கள். வசுமதி வாசலில் நின்று ஒரு மணி நேரம் கத்தினாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. கத்த மட்டும் செய்தாள். பிறகு மலையேறிவிட்டாள்.

இப்போது ஆறேகால் மணிக்குக் காரை எடுத்தாள்.

நாற்பதாம் வளைவிலிருந்து முப்பதாம் வளைவு வரை சாலை ஒழுங்காக இருந்தது. இருபத்தேழில் பனி ஆரம்பித்தது. இருபத்தைந்தில் காரின் மூக்கு தெரியவில்லை. ஃபாக் லைட்டைப் போட்டாள். சாலையோரத்து வெள்ளைக்கோடு பத்தடிக்குத் தெரிந்தது. அந்தப் பத்தடியை ஓட்டினாள். அடுத்த பத்தடி தெரிந்தது.

அக்கா என்ன சொல்லப் போகிறாள்? உடம்புக்கு ஏதாவது இருக்கலாம். கோயம்புத்தூரில் இருக்கும் மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கலாம். அதற்கெல்லாம் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியது என்ன? இன்னும் ஐம்பது கிலோமீட்டர் இருந்தது. பத்தடி பத்தடியாக ஐம்பது கிலோமீட்டர்.

இருபத்துநான்காம் வளைவில் அவளுடைய கை தானாகப் போய் ஹை பீமையும் போட்டது.

எதிரில் சுண்ணாம்பு அடித்த சுவர் போல ஒரு வெள்ளை எழுந்தது. முதலில் தாளிக்கிற வாசனை வந்தது. பிறகு ஒரு சுவர்க் கடிகாரத்தின் சத்தம் வந்தது. பிறகு பின்சீட்டு கிறீச்சிட்டது.

கண்ணாடியில் பார்த்தாள். கனகமணி உட்கார்ந்திருந்தாள். நைட்டியின் மேல் துண்டு போட்டிருந்தாள். கையில் கரண்டி இருந்தது. முன்பக்கம் தலை நரைத்திருந்தது.

"அடுப்புல ரசம் இருக்குது," என்றாள் கனகமணி.

"நீ எப்படி வந்தே?"

"நானா வந்தேன்? நீதான இழுத்துட்டே."

வசுமதி ஓட்டிக்கொண்டே போனாள். இருபத்துமூன்றாம் வளைவில் டம்ளர் அடுக்கிய ஸ்டாண்டு ஒன்று சாலையில் நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு போனாள். கொடிக்கயிறு ஒன்று நனைந்த துணிகளோடு கண்ணாடியில் உரசிப் போனது. அதற்கு அப்பால் ஒரு துளசிச் செடி, தொட்டியோடு.

"பாத்து," என்றாள் கனகமணி.

இருபத்திரண்டாம் வளைவில் வீடே வந்துவிட்டது. இரும்பு கேட், படி, கரண்ட் மீட்டர், கோலம் எல்லாம் இருந்தன. வீடு சாலைக்குக் குறுக்கே நின்றது. காரின் வெளிச்சம் முன்வாசல் வழியாக நுழைந்து, சமையலறையைத் தாண்டி, பின்வாசல் வழியாக வெளியே போனது.

கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். குடை பிடித்திருந்தார். மடியில் ஒரு நோட்டு. கார் நின்றதும் எழுந்து வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"ஆறுச்சாமிங்க. ரோட்டு வெளிச்சத்தைப் பாத்துக்கறது நான்தான். ரெண்டும் போட்டீங்களா அம்மணி?"

"போட்டேனுங்க."

"எது வர்றதுக்காகப் போட்டீங்க?"

"எதுவும் வர்றதுக்காக இல்லீங்க. என்னன்னு தெரிஞ்சுக்கலாம்னு."

ஆறுச்சாமி நோட்டைப் பிரித்தார். "இதுல ரெண்டே கட்டம்தான் இருக்குது. அவசரம்னு ஒண்ணு. வேடிக்கைன்னு ஒண்ணு. தெரிஞ்சுக்கறதுன்னு கட்டம் இல்லீங்களே."

"அப்ப காலியா விடுங்க."

"காலியா விட்டா வீடு ரோட்டுலயே நிக்கும்."

பின்சீட்டிலிருந்து கனகமணி சொன்னாள்: "அவசரம்னு போடுங்க."

ஆறுச்சாமி அப்படியே எழுதினார். அந்த நேரத்தில் வீட்டுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு ஹாரன் விடாமல் அடித்தது. பிறகு நின்றது. யாரோ பின்வாசல் வழியாக ஏறி, சமையலறையில் எதிலோ இடித்துக்கொண்டு, முன்வாசல் வழியாக இறங்கி வந்தார். காக்கிச் சட்டை. இரண்டு கையையும் முன்னால் நீட்டித் துழாவிக்கொண்டே வந்தார். கீழேயிருந்து ஏறி வந்த பஸ்ஸின் டிரைவர்.

"யாருங்க லைட்டு போட்டது? கொஞ்சம் எறக்குங்க. ஸ்டியரிங் தூரத்துக்குப் போயிருச்சு. கைய நீட்டுனா எட்டல."

"அது அப்படித்தானுங்க," என்றார் ஆறுச்சாமி வசுமதியிடம். "ரெண்டு லைட்டு போட்டவங்களுக்குத் தூரம் பக்கத்துல வரும். எதுத்தாப்புல வர்றவங்களுக்குப் பக்கத்துல இருக்கறது தூரம் போயிரும்."

"நாப்பத்தொரு பேர் இருக்காங்க வண்டில," என்றார் டிரைவர். "பக்கத்து சீட்டுல இருக்கறவங்களக் கத்திக் கூப்பிடறாங்க. ஒரு பொண்ணு மடியில கைக்குழந்தை. குழந்தை மடியிலதான் இருக்குது. ஆனா ஆழியாறுல அழுவுற மாதிரிக் கேக்குது."

எல்லோரும் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். மலைக்குக் கீழே, வெகுதூரத்தில், ஒரு குழந்தை அழுதது. அதற்குத் தாலாட்டு பஸ்ஸிலிருந்து கேட்டது. இரண்டுக்கும் நடுவில் இருபத்தோரு வளைவு இருந்தது.

வசுமதியின் கை விளக்கு சுவிட்சுக்குப் போனது. பிறகு நின்றது.

"எறக்குனா இதெல்லாம் போயிருமா?"

"பாதி போகும், பாதி நிக்கும்," என்றார் ஆறுச்சாமி. "எந்தப் பாதின்னு என்னக் கேக்காதீங்க. நான் எழுதறதோட சரி."

வசுமதி பின்னால் திரும்பினாள். பதினோரு வருடத்துக்குப் பிறகு அக்காவின் முகத்தை நேராகப் பார்த்தாள். "சொல்லு. சீக்கிரம்."

"சீக்கிரமாச் சொல்ற விசயம் இல்ல."

"குழந்தை அழுவுது."

கனகமணி கரண்டியை மடியில் வைத்தாள்.

"அப்பாதான் உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னார். மொத நாளே சொன்னார். மேல பனியா இருக்கும், அவ ஸ்கூட்டர எடுத்துட்டு ராத்திரில கெளம்பீருவா, பனி விட்டதுக்கப்புறம் சொல்லுன்னார்."

வசுமதி சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டாம் நாள் கேட்டார், பனி விட்டுச்சான்னு. ஜன்னல்ல பாத்துட்டு, இல்லீங்கப்பான்னேன். மூணாம் நாளும் கேட்டார். அன்னைக்கும் இல்லீங்கப்பான்னேன்."

"பொள்ளாச்சி ஜன்னல்ல வால்பாறைப் பனி எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"அந்த மூணு நாளும் மேல நல்ல வெயில். நான் கம்பளி காயப்போட்டேன்."

"எனக்குத் தெரியும். உங்க ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். யாரோ ஒரு நர்சு சொன்னா, வெயில் அடிக்குதுன்னு."

"அப்புறம்?"

"நீ வந்துட்டா அவர் உன்னையவே பாத்துட்டுக் கெடப்பார். மூணு வருசமா மலம் மூத்திரம் அள்ளுனவ நான். கடைசி மூணு நாள் என்னையப் பாக்கட்டும்னு நெனச்சேன்."

வெளியே டிரைவர் தொண்டையைச் செருமினார். ஆறுச்சாமி குடையை வேறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

வசுமதிக்குக் கேட்க வேண்டியது ஒன்றல்ல, நூறு இருந்தது. அப்பா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாரா? கடைசியில் யாரைப் பார்த்தார்? இத்தனை வருடம் விட்டுவிட்டு இன்றைக்கு எதற்குச் சொல்கிறாய்? முதல் கேள்விக்கு வாயைத் திறந்தாள். ஆழியாற்றில் குழந்தையின் அழுகை தேய்ந்துகொண்டே போனது. அது இன்னும் தூரம் போய்க்கொண்டிருந்தது.

அவள் ஹை பீமை இறக்கினாள்.

வெள்ளை அணைந்தது. பின்சீட்டில் யாரும் இல்லை. பஸ்ஸுக்குள் குழந்தையின் குரல் பெரிதாக, பக்கத்தில் வெடித்தது. நாற்பத்தொரு பேரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

வீடு மட்டும் போகவில்லை. அது கொஞ்ச நேரம் யோசிப்பது போல நின்றது. பிறகு படியைத் தூக்கிக்கொண்டு மலைப்பக்கமாக ஒதுங்கி, பஸ்ஸுக்கு வழிவிட்டது.

"வீடு நின்னுருச்சு. ஆளு போயிருச்சு," என்று சொல்லிக்கொண்டே எழுதினார் ஆறுச்சாமி.

"அக்கா எங்க போயிருப்பா?"

"எங்கிருந்து வந்தாங்களோ அங்க. ஆனா அங்க வீடு இருக்காதுங்களே."

வசுமதி ஃபாக் லைட்டை மட்டும் வைத்துக்கொண்டு மீதி இருபத்தோரு வளைவையும் இறங்கினாள். கோபம் அவளோடு முன்சீட்டில் உட்கார்ந்து வந்தது. ஒரு வளைவில் திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தாள். அடுத்த வளைவில், அடுப்பு வீட்டோடு மேலே இருக்கிறதே, அக்கா சாப்பிட்டிருக்க மாட்டாளே என்று நினைத்தாள். பனி அடிவாரத்திலும் விடவில்லை. ஆழியாறு அணை தெரியவில்லை. பொள்ளாச்சிக்குள் கடைவீதி விளக்கெல்லாம் பனிக்குள் மங்கித் தெரிந்தது. அந்த ஊரில் அப்படி ஒரு பனியை அவள் பார்த்ததில்லை.

தெருவில் மற்ற வீடுகள் எல்லாம் இருந்தன. கனகமணியின் வீடு இருந்த இடத்தில் வெறும் மண். அதன் பின்கோடியில் துணி துவைக்கிற கல் மட்டும் இருந்தது. கனகமணி அதன்மேல் கரண்டியோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

"வீட்ட எங்க வெச்சே?" என்றாள் கனகமணி.

"இருவத்திரெண்டாவது வளைவுல."

"ரோட்டுலயா?"

"ஓரமா."

கனகமணி தலையசைத்தாள்.

"இன்னைக்கு எதுக்கு என்னையக் கூப்பிட்டே?"

"சாயங்காலம் ஜன்னலத் தொறந்தேன். பனி வந்து நின்னுட்டு இருந்துச்சு. பொள்ளாச்சில. இத்தன வருசம் கழிச்சு." கனகமணி கரண்டியைத் துண்டில் துடைத்தாள். "இதுக்கு மேல சொல்லாம இருக்க முடியல."

"ஏறு," என்றாள் வசுமதி.

கனகமணி பின்கதவைத் திறக்கப் போனாள்.

"முன்னால ஏறு."

மேலே வரும் வழியெல்லாம் வசுமதி கேட்டாள், கனகமணி பதில் சொன்னாள். அப்பா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டு தடவை. கனகமணியையும் ஒரு தடவை வசு என்றே கூப்பிட்டார். அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று வசுமதி கேட்டாள். "என்னங்கப்பான்னேன்," என்றாள் கனகமணி.

இருபத்திரண்டாம் வளைவில் ஆறுச்சாமி கேட்டின்மேல் சாக்பீஸால் ஒரு எண் எழுதி முடித்திருந்தார். இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். அடுப்பை அவரே அணைத்துவிட்டதாகச் சொன்னார். ரசம் கொஞ்சம் சுண்டியிருந்தது. மூன்று பேரும் சாப்பிட்டார்கள். ஆறுச்சாமி புளி சற்றுத் தூக்கல் என்றார்.

அவர் போனபிறகு வசுமதி அப்பாவின் அறைக்குள் போய் அந்த ஜன்னலைத் திறந்தாள். வெளியே மலை இருக்க வேண்டும். தெரியவில்லை.

"விட்டுச்சா?" என்றாள் கனகமணி கூடத்திலிருந்து.

வசுமதி நன்றாகப் பார்த்தாள். அவசரப்படாமல், ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள்.

"இல்ல," என்றாள்.

அன்று இரவு அவள் அங்கேயே படுத்துக்கொண்டாள். மறுநாளும் பனி விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்தே போய்வந்தாள். பதினெட்டு வளைவுதான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் இருவருக்கும் சண்டை வந்தது. பதினோரு வருடத்துச் சண்டை. வசுமதி கத்தினாள். இந்த முறை கனகமணியும் கத்தினாள். டம்ளர்கள் உருண்டன. அந்த நேரத்தில் ஏறி வந்த பஸ்ஸின் டிரைவர் வீட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்தினார். பயணிகள் கண்ணாடியைத் தள்ளிவிட்டுச் சண்டையைக் கேட்டார்கள். டிரைவர் விளக்கை இறக்கிவைத்துவிட்டு, அது முடிகிற வரைக்கும் காத்திருந்தார்.