பழைய வாசகி

மேல்மாடிப் பல் ஆஸ்பத்திரியில் தண்ணீர்க் குழாய் வெடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. யாரும் கவனிக்கவில்லை. திங்கள் காலையில் ஷட்டரைத் தூக்கிய பெரியவள் அப்படியே நின்றுவிட்டாள். புத்தகக் கடையின் கூரைப் பூச்சு பாதிக்கு மேல் பெயர்ந்து அலமாரிகளின் தலையில் கிடந்தது. தரையெல்லாம் சுண்ணாம்புச் சேறு. வரலாறு, பயணம், துப்பறியும் கதை என்று வேறுபாடு பார்க்காமல் எல்லாம் நனைந்திருந்தன.

பின்னாலேயே வந்த சின்னவள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கவிதை அலமாரிக்கு ஒண்ணும் ஆகலைக்கா. வாங்கத்தான் ஆள் இல்லன்னா, தண்ணிகூடத் தொட மாட்டேங்குது."

பெரியவள் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையும் இல்லை.

கடை அக்காள் தங்கை இருவருடையதும்தான். ஆனால் வாசகர்களைக் கேட்டால் பெரியவளுடைய கடை என்றுதான் சொல்வார்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பவள் அவள். வருகிறவரின் முகத்தைப் பார்த்து, நாடி பிடிக்கிற மாதிரி ரெண்டு கேள்வி கேட்டு, எழுந்து போய் ஒரு புத்தகத்தை உருவிக்கொண்டு வருவாள். "இதைப் படிங்க, அப்புறம் பேசுவோம்" என்பாள். வேண்டாம் என்று சொன்னவர் கிடையாது. "புத்தக டாக்டர்" என்று அவளுக்கு ஒரு பட்டப்பெயரே உண்டு. சின்னவள் பின்னறையில் இருப்பாள். பார்சல் கட்டுவது, டேப் ஒட்டுவது, வெளியூருக்கு அனுப்புவது எல்லாம் அவள் வேலை. திரைச்சீலை விலகும்போது அவளுடைய முழங்கை தெரியும், அவ்வளவுதான். பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான். மேடையில் பெரியவள் கையை வீசிப் பேசுவாள். திரைக்குப் பின்னால் காகிதத்தோடு நின்று வரி எடுத்துக் கொடுப்பவள் சின்னவள். கோப்பையும் கைதட்டலும் ஒருத்திக்கு, தொண்டை வறட்சி இன்னொருத்திக்கு.

கூரையை முழுக்க உடைத்துப் போட மூன்று நான்கு மாதம் ஆகும் என்றார் மேஸ்திரி. புத்தகமெல்லாம் அக்காளும் தங்கையும் சேர்ந்திருந்த வீட்டுக்கு வந்தன. கூடத்தில், சமையல் மேடையில், கட்டிலில், எங்கு பார்த்தாலும் புத்தகம். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, பக்கத்துக்குப் பக்கம் செய்தித்தாளைச் செருகிக் காய வைத்தார்கள். மூக்குக் கண்ணாடிக் கடை நடத்தும் பெரியவளின் கணவர் ராத்திரி வந்து பார்த்துவிட்டு, "கட்டில்ல எனக்கும் ஒரு ஓரம் கிடைக்குமா, இல்ல பயணக் கட்டுரைக்கு மட்டும்தானா?" என்று கேட்டார்.

சின்னவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள். "கடையை மூடினா வாசகர்களையும் விட்டுடணுமாக்கா? நாலு மாசத்துல மறந்துடுவாங்க. ஷட்டர்ல ஒரு நம்பரை ஒட்டி வைப்போம். போன்ல ஒரு குரூப். தினம் சாயங்காலம் ஒரு புத்தகத்துல கொஞ்சம் கொஞ்சமாப் படிச்சு அனுப்பலாம்."

"யாரு படிக்கிறது?"

"நீ படியேன். உனக்குப் பழக்கம்தானே?"

"எனக்கு ஈரப் புத்தகத்தோட மல்லுக்கட்டவே பொழுது பத்தலை. வேணும்னா நீயே பண்ணு."

அந்த 'வேணும்னா'வை நினைத்துப் பெரியவள் பிற்பாடு எத்தனையோ முறை நாக்கைக் கடித்துக்கொண்டாள். போதாததற்குப் புத்தகத்தையும் அவளேதான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். மலையூர் ஒன்றில் தபால்காரர் காணாமல் போகும் பழைய மர்மக் கதை. அச்சில் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது; இனி வராது. அவள் கல்லூரி நாளில் படித்தது. "இதைப் படி. கையை விட்டுப் போக மாட்டாங்க" என்று ஈரம் காயாத பிரதியைத் தூக்கிக் கொடுத்தாள்.

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஃபிரிட்ஜ் இரைச்சல் விழாமலிருக்க அதை அணைத்துவிட்டு, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சின்னவள் படிக்க ஆரம்பித்தாள். ஒருநாள் ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறந்து பால் திரிந்ததுகூட உண்டு.

அவளுடையது வானொலிக் குரல் இல்லை. கொஞ்சம் கரகரப்பு. ஆனால் தபால்காரர் பயந்தால் அந்தக் குரல் பயந்தது. அந்த ஊர்த் தையல்காரி யாருக்காகவோ ஒரு பெரிய கோட்டைத் தைத்துக்கொண்டே ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கும் இடத்தில், கேட்பவர்களுக்கு முதுகுக்குப் பின்னாலிருந்து யாரோ பார்க்கிற மாதிரி இருந்தது. குரூப்பில் பத்துப் பேர் இருந்தது நூறாச்சு, நூறு மேலே போயிற்று. ஒரு டாக்ஸிக்காரர் பயணிகளுக்கும் போட்டுக் காட்டினார். இறங்கும் இடம் வந்தும் ஒருவர் இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாராம்.

பெரியவளுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. கடை பிழைத்துக் கிடக்கிறதே என்று. அந்தப் பெருமை எப்போது புளித்தது என்று கேட்டால், மார்க்கெட்டில் வக்கீலம்மாவைப் பார்த்த அன்றைக்கு என்று சொல்லலாம்.

வக்கீலம்மா கடையின் ஆதி வாசகி. பெரியவள் கொடுத்த தடித்தடி வரலாற்று நூல்களை மறு பேச்சில்லாமல் வாங்கிப் போகிறவர். அவருடைய ரசனையே தான் வளர்த்த செடி என்று பெரியவளுக்கு எண்ணம்.

"உங்க தங்கச்சிக்கு என்ன குரல்ங்க! இத்தனை வருஷமா எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்றார் வக்கீலம்மா, காய்கறிப் பையை மாற்றிப் பிடித்தபடி. "காரை ஓரமா நிறுத்திட்டுக் கேக்கறேன். நான் ஒரு புத்தகத்துல இவ்வளவு தூரம் விடாம வந்ததே இதுலதான்."

"ஏன், நான் குடுத்ததெல்லாம்?"

வக்கீலம்மா சங்கடமாகச் சிரித்தார். "உண்மையைச் சொன்னா கோவிச்சுக்காதீங்க. பாதியைப் பிரிக்கவே இல்லை. நீங்க அப்படி ஆசையா எடுத்துக் குடுக்கும்போது வேண்டாம்னு சொல்லப் பயம்."

கோர்ட்டில் நீதிபதிக்கே பயப்படாத பெண்மணி! பெரியவள் வாங்க வந்ததை வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினாள். அங்கே கணவர் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தார்.

"படிச்சவ சமையக்கட்டுலதானே இருக்கா? நேர்லயே கேக்க வேண்டியதுதானே?"

"நேர்ல அவ இப்படிப் பேச மாட்டாளேம்மா" என்றார் மனிதர், கண்ணைத் திறக்காமல்.

அன்றைக்கு வயிற்றில் விழுந்த நெருப்பு அணையவே இல்லை. தங்கை தண்ணீர் குடித்தால் தொண்டையைக் காப்பாற்றுகிறாளோ என்று தோன்றியது. அவள் போன் சிணுங்கினால் இவளுக்குக் காது கூசியது. கல்லா இல்லாத கல்லாக்காரியாக, பூஞ்சை வாடையடிக்கும் கூடத்தில், பக்கம் பக்கமாகச் செய்தித்தாளை மாற்றிக்கொண்டிருந்தாள். யாரும் அவளைத் தேடவில்லை. ஒருத்தர்கூட, "டாக்டரம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்கவில்லை.

கணவரின் கடையில் ஒரு பழைய நம்பர் சும்மா கிடந்தது. அதில் புகுந்து, 'பழைய வாசகி' என்று பெயர் வைத்துக்கொண்டு குரூப்பில் சேர்ந்தாள். குளியலறைக்குள் தாழ்போட்டுக்கொண்டு முதல் குறிப்பைத் தட்டினாள்: "வேகம் அதிகம். மூச்சு வாங்கும் இடம் தவறு. ழகரம் நழுவுகிறது."

வெளியே வந்தால் சின்னவள் போனும் கையுமாக நிற்கிறாள். "யாரோ ஒரு பழைய வாசகிக்கா. நறுக்குன்னு சொல்லியிருக்காங்க. ஆனா சொன்னது அத்தனையும் சரி. எனக்குக் கொஞ்சம் 'ழ' சொல்லிக் குடேன்."

என்ன செய்வாள்? மறுக்க முடியுமா? மழை, பழம், குழாய் என்று உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். மறுநாள் அந்த 'ழ' தேனில் தோய்ந்து விழுந்தது. குரூப் முழுக்க இதயமாகக் கொட்டினார்கள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். பழைய வாசகி கடுப்பில் இன்னும் கடுமையாக எழுதினாள். தங்கை இன்னும் நன்றாகப் படித்தாள்.

இப்படியே கூரை வேலையும் முடியும் தறுவாய்க்கு வந்தது, கதையும் முடியும் தறுவாய்க்கு வந்தது. ஒரு சாயங்காலம் சின்னவள் படித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "நாளைக்குக் கதையோட முடிவு. அதுல உங்களுக்கு ஒரு விசேஷம் வச்சிருக்கேன்."

குரூப் குதித்தது. டாக்ஸிக்காரர் எழுதினார்: "கடை திறந்ததும் முதல் ஆளாக வருவேன். உங்களைப் பார்க்கத்தான்."

உங்களை! பெரியவளின் விரல் அவளைக் கேட்காமலே ஓடியது. "தபால்காரரைக் கொன்றது தையல்காரி. அந்தக் கோட்டு, பிணத்தை மூட." பழைய வாசகி பெயரில் அனுப்பிவிட்டாள்.

அனுப்பிய மறுகணமே அழிக்கப் போனாள், அதற்குள் வசவு மழை தொடங்கிவிட்டது. "பாவி!", "இத்தனை நாள் காத்திருந்தது வீணாப் போச்சே!", "யாருங்க இந்தப் பொம்பளை?" சின்னவள் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அன்று அவள் சாப்பிடவும் வரவில்லை.

காலையில் சமையலறை மேசை மேல் அந்தப் புத்தகம் கிடந்தது. சின்னவள் அதைக் கடைசியில் திறந்தாள். கடைசிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, டீயில் ஊறிய பிஸ்கெட் மாதிரி கட்டியாகியிருந்தன. தொட்டால் உதிர்ந்தது.

"பாத்தியா? இதுல முடிவே இல்ல. எனக்கே தெரியாது. தெரிஞ்சவ நீ ஒருத்திதான். கடைசி நாள் உன்னைப் பேச வைக்கணும்னு ஆரம்பத்துலேயே நினைச்சிருந்தேன். விசேஷம்னு சொன்னேனே, அது நீதான்."

பெரியவள் உதிர்ந்த துகளை விரலால் கூட்டினாள். "வேற யாராச்சும்... அந்தக் காலத்துல படிச்சவங்க..."

"இருக்கலாம். 'ழகரம் நழுவுகிறது'ன்னு எழுதுற ஆளும் வேற இருக்கலாம்." சின்னவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "நீ மேடையில நின்னப்பல்லாம் நான் திரைக்குப் பின்னாடி நின்னேன். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வரியைத் தப்பா எடுத்துக் குடுத்திருக்கேனாக்கா?"

பெரியவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"வயிறு எரிஞ்சுதுடி" என்றாள் கடைசியில். "என்னை ஒருத்தரும் கேக்கலை. வயிறு எரிஞ்சுது."

"தெரியும். என் வயித்துல இருந்த பழைய நெருப்புதான் அது. எனக்கு அடையாளம் தெரியாதா?" சின்னவள் புத்தகத்தை மூடினாள். "சரி, கேளு. அது தப்பான முடிவுன்னு இப்ப காலையில குரூப்ல சொல்லிட்டேன். சரியான முடிவை எங்கக்கா சொல்லுவான்னும் சொல்லிட்டேன்."

"ஏய், அதுதாண்டி நிஜமான முடிவு!"

"எனக்கென்ன தெரியும்? நான் பாத்தது கடைசிப் பக்கம் இல்லாத புத்தகம்."

இப்படி ஒரு தண்டனையை எந்த நீதிபதியும் கொடுத்திருக்க மாட்டார். பெரியவள் வாழ்நாளெல்லாம் பிறர் எழுதிய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தவள், சொந்தமாக ஒரு வரி யோசித்ததில்லை. பகல் முழுக்கக் கூடத்தில் புத்தகக் குவியல்களுக்கு நடுவே நடந்தாள். கணவர் ஏதோ கேட்க, "சும்மா இருங்க, ஒரு ஆளை உயிரோட கொண்டுவரணும்" என்று கத்தினாள். அவர் பேசாமல் கடைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். பெரியவள் தொண்டையைச் செருமி, "அன்பார்ந்த வாசகப் பெருமக்களே" என்று தொடங்கினாள். சின்னவள் போனில் பதிவை நிறுத்தினாள்.

"இது மேடை இல்லக்கா. எதிர்ல ஒரே ஒருத்தர் உக்காந்திருக்கார். அவர்கிட்ட சொல்லு."

மறுபடி, மறுபடி. கடைசியில் தங்கையின் முகத்தையே பார்த்துச் சொன்னாள். தபால்காரர் சாகவில்லை. கால் ஒடிந்து படுத்திருந்த நாளில் அவருக்குப் பதில் ஒரு பெண் தபால் கொடுக்க வந்தாள். ஊரே அவளுக்காக வாசலில் காத்திருந்ததை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். தாங்க முடியாமல் அவளுடைய பையைத் தூக்கி ஓடையில் எறிந்தார். எறிந்த பிறகு யார் முகத்திலும் முழிக்க முடியாமல் தையல்காரி வீட்டுப் பரணில் ஒளிந்துகொண்டார். அவள் தைத்த பெரிய கோட்டு அவருக்குத்தான், குளிருக்கு. கடைசியில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு காலைநேரம் அவர் தெருவில் இறங்கி நடக்கிறார்.

"அப்புறம்?" என்றாள் சின்னவள், பதிவு ஓடுவதையே மறந்து.

"நடக்கிறார். அவ்வளவுதான். யாராவது கதவைத் திறப்பாங்களான்னு அவருக்கும் தெரியாது."

அந்த 'அப்புறம்' உட்பட அப்படியே அனுப்பினார்கள். டாக்ஸிக்காரர் முதலில் எழுதினார்: "அந்தப் பழைய வாசகி மூக்கை உடைச்சிட்டீங்க!" பழைய வாசகி அதற்குள் குரூப்பை விட்டுப் போயிருந்தாள். பிறகு வக்கீலம்மா: "முடிவு பிரமாதம். உங்க தங்கச்சி படிச்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

பெரியவள் போனைப் பயணக் கட்டுரைகளின் மேல் விட்டெறிந்தாள். சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, வேண்டா வெறுப்பாக, இவளும் சிரித்தாள்.

புதுக் கூரையின் பெயிண்ட் வாசனை போவதற்குள் கடை திறந்தது. வந்தவர்கள் கல்லாவைத் தாண்டி நேரே பின்னறைக்குப் போனார்கள். திரைச்சீலையைச் சின்னவள் கழற்றியே விட்டிருந்தாள். பெரியவளின் பொறாமை போய்விட்டதா என்றால், அதெல்லாம் எங்கே போகும்? ஒவ்வொருவரும் போகும்போது சுருக்கென்றது. ஆனால் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

வக்கீலம்மா வந்தபோது பழக்கதோஷத்தில் பெரியவள் எழுந்து வரலாற்று அலமாரிப் பக்கம் நடந்தாள். பாதியில் நின்றாள். திரும்பி வந்தாள்.

"உங்களுக்கு என்னதாங்க பிடிக்கும்?"

வக்கீலம்மா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கொலைக் கதை. கோர்ட்டுல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

பெரியவள் ஒன்றை உருவிக் கொடுத்தாள். அதை எடுத்துக்கொண்டு அந்த அம்மாள் நேரே பின்னறைக்குத்தான் போனார். "முதல் பக்கத்தை மட்டும் கொஞ்சம் படிச்சுக் காட்டேம்மா" என்று அவர் கேட்பதும், நாற்காலி நகரும் ஓசையும், சின்னவள் தொண்டையைச் சரிசெய்துகொள்வதும் கேட்டன. பிறகு ஒன்றும் சரியாக விழவில்லை. பெரியவள் கல்லாவில் உட்கார்ந்தபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தாள். பொறுக்கவில்லை.

"சத்தமாப் படிடி" என்று கத்தினாள். "இங்க கேக்கலை!"