நல்லது தராசுக்கு

"நல்லது தராசுக்கு, நசுங்கினது வீட்டுக்கு." காய்கறிக் கடைக்காரருக்கு இதுதான் வேதம். கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக அவர் மனைவி வெடித்த தக்காளியையும் பழுத்துப்போன கீரையையும் நுனி அழுகிய கேரட்டையும் வாங்கி, கெட்டதை நறுக்கி எறிந்தது போக மிச்சத்தைத்தான் சமைத்தாள். அதுவும் தேறாத நாளில் எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு.

போன மாதம் கடையிலேயே அவருக்கு நெஞ்சுவலி வந்து, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள்.

"மாத்திரையை விட்டுடாதீங்க. கூடவே பச்சை, சிவப்பு, மஞ்சள்னு எல்லா நிறத்துலயும் காய்கறி சாப்பிடுங்க. அதுல ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கு, ரத்தக் குழாய்க்கு நல்லது. வாடினது வேண்டாம்" என்ற டாக்டர், "என்ன தொழில் பண்றீங்க?" என்றும் கேட்டுவைத்தார். பக்கத்தில் நின்ற மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

மனுஷர் திருந்தினாரா? பிடித்த முயலுக்கு மூன்றே கால்! மறுபடி கடை திறந்த முதல் நாளே, சாப்பாடு கொண்டுபோனவளிடம் ஒரு பை சொத்தைக் கத்தரிக்காயை நீட்டினார்.

"சரக்குல கை வெச்சா வியாபாரம் படுத்துடும்டி."

"நீங்க படுத்தது போதாதா?"

அவர் காதிலேயே வாங்கவில்லை. வாடிக்கையாக வரும் டீச்சருக்கு ஒவ்வொரு தக்காளியாகப் பார்த்துப் பார்த்துத் தட்டில் வைத்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தராசிலிருந்தே ஒன்றை வெடுக்கென்று எடுத்தாள்.

"அது எனக்கு எடுத்ததும்மா" என்றார் டீச்சர்.

"ஊருக்கெல்லாம் நெஞ்சு நல்லா இருக்கணும், இவருக்கு மட்டும் நின்னு போகணுமா டீச்சர்?" என்றவள், தக்காளியைக் கழுவிப் புருஷன் கையில் திணித்தாள். "தின்னுங்க. இப்பவே."

"எல்லாரும் பார்க்குறாங்கடி..."

"பார்க்கட்டும். ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போனதையும் இவங்கதானே பார்த்தாங்க!"

அவர் கடித்தார். சாறு வழிந்து சட்டையில் சொட்டியது. மெதுவாக மென்றவர், கையிலிருந்த பாதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் டீச்சர், இது இவ்வளவு இனிக்குமா?"

விற்கிறவர் வாங்குகிறவரிடம் கேட்கிற கேள்வியா இது? அவளுக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது. இந்தத் தடவை தன்மேலேயே. இத்தனை வருஷமும் அழுகலை நறுக்கிப் பொங்கிப் போட்ட கை அவளுடையதுதானே. கத்தரிக்காய்ப் பையைக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, தராசிலிருந்த தக்காளி அத்தனையையும் அதே பையில் அள்ளினாள்.

"டீச்சருக்கு வேற நிறுத்துக் கொடுங்க" என்றாள்.