விரிப்பின் மறுமுனை

சலவைக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் சின்னவள்தான். ஐம்பது வயதாகி, தலை நரைத்து, மூட்டுவலியும் வந்த பிறகும் சின்னவள். பெரியவன் ஒருவன் இருந்ததால் வந்த பெயர். அந்தப் பெரியவன், அவளுடைய ஒரே அண்ணன், போன மாதம் கண்ணை மூடிவிட்டான். பெயர் மட்டும் போகவில்லை, பாருங்கள்.

ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைத்து மடித்துக் கொடுப்பது அவர்கள் குடும்பத் தொழில். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனை அண்ணனிடம், மறுமுனை இவளிடம். உதறி, நீளவாக்கில் மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வரும்போதே ஜெபமும் நடக்கும். அம்மா சொல்லிக்கொடுத்தது. முறையிடும் வரி அண்ணனுக்கு, பதில் வரி இவளுக்கு.

"வழி தெரியவில்லை" என்பான் அண்ணன்.

"நீர் அறிவீர்" என்பாள் இவள்.

"கை வெறுமையாய் இருக்கிறது."

"நீர் நிரப்புவீர்."

நாற்பது வருஷம், கிளிப்பிள்ளை மாதிரி. பாதி நேரம் மனசு மத்தியானச் சாப்பாட்டில் இருக்கும். அண்ணன் படுத்த படுக்கையான மூன்று மாதமும்தான் உயிரைக் கொடுத்துச் சொன்னாள். என்ன பிரயோஜனம்? அவன் போனான், இவள் வாயும் அடைத்துப்போயிற்று. அவன் வரியைத் தான் சொல்ல மனசு ஒப்பவில்லை. தன் வரியைச் சொல்லலாமென்றால், யாருமே கேட்காததற்குப் பதிலா? இனி ஆயுசுக்கும் ஜெபம் வராதோ என்ற பயம் அவளை அரித்தது. அதுவும் போனால் அண்ணன் முழுசாகப் போய்விடுவான்.

அன்று மத்தியானம் அண்ணி வந்து நின்றாள். கடவுள் பேச்செடுத்தாலே கேலி செய்கிறவள். 'நீங்க ரெண்டு பேரும் முணுமுணுக்கறதுல அந்தக் கடவுளுக்கே தலைவலி வந்திருக்கும்' என்பாள்.

"வீட்ல சுவரையே பாத்துட்டு உக்காந்திருக்க முடியல. அந்த முனையைக் குடு" என்றாள்.

கூடமெங்கும் வெந்நீராவி. ஜன்னல் வெளிச்சம் அதில் கரைந்து, சுவர்கள் எங்கோ தள்ளிப்போயிருந்தன. உதறிய விரிப்பு மேலே எழும்பி, அண்ணியை மறைத்து, இறங்க மனமில்லாமல் நின்றது. அந்தப் பக்கம் யார் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று தோன்றியது. அப்புறம் மெல்ல இறங்கியது.

"எங்க போனாரு, எப்படி இருக்காரு, ஒண்ணுமே தெரியலடி" என்றாள் அண்ணி.

"நீர் அறிவீர்."

சொன்னது தன் வாய்தானா? சின்னவள் திடுக்கிட்டாள்.

"யாருக்குடி பதில் சொல்ற?"

"தெரியல அண்ணி. தானா வந்துடுச்சு."

அண்ணி சிரிக்கவில்லை. அடுத்த விரிப்பை எடுத்தாள். "காலைல எழுந்து கை நீட்டினா படுக்கை காலியா இருக்கு."

"நீர் நிரப்புவீர்." இந்தத் தடவை சின்னவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கேட்டது கிடைப்பதுதான் நம்பிக்கை என்று இத்தனை காலம் நினைத்திருந்தாளே, மக்கு! முறையிடுகிறவருக்குக் கை தளரும்போது, மறுமுனையை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் அம்மா அவளுக்குப் பதில் வரியைக் கொடுத்திருக்கிறாள்.

இருவரும் நெருங்கி வந்தார்கள். விரிப்பின் மூலைகளைக் கொடுக்காமல் அண்ணி இவள் முகத்தையே பார்த்தாள்.

"அவரைத் திரும்பப் பாப்பேனாடி?"

ஜெபத்தில் இதற்கு வரியே கிடையாது. சின்னவள் தேடிப் பார்த்தாள். இல்லை.

"பாப்பீங்க அண்ணி" என்றாள்.

யாரும் சொல்லிக்கொடுக்காத பதில் அது. சொன்ன பிறகுதான் தெரிந்தது, அவள் அதை நம்பினாள்.