போதிய வெளிச்சம்

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் சத்தியநேசன், காய் பொறுக்கும் கூடத்தை நவீனமாக்கினார். அதாவது, பழைய குழல் விளக்குகளைக் கழற்றிவிட்டு, மேசைக்கு இரண்டடி மேலே எட்டு எல்.இ.டி. பட்டைகளை மூடியில்லாமல் தொங்கவிட்டார். மேசை மேல் எவர்சில்வர் தகடு அடித்தார். விளக்கு மேலிருந்து குத்தியது, தகடு கீழிருந்து குத்தியது. திறப்பு விழாவில் பேசியவர்கள் இதைப் புரட்சி என்றார்கள். அவர்களில் ஒருவரும் அந்த மேசையில் உட்காரவில்லை.

சிலமலையிலிருந்து பஸ்சில் வரும் காளீஸ்வரி, பதினாறு வருடமாகப் பச்சைக் காயையும் வெளிறிய காயையும் பிரிப்பவள். புது விளக்கு வந்த மூன்றாம் மாதம் அவள் கண்ணில் நீர் வழிய ஆரம்பித்தது. மதியத்துக்குள் தலைவலி வந்துவிடும். அதைவிட மோசம், அந்த வெள்ளை வெளிச்சத்தில் எல்லாக் காயும் ஒரே பச்சையாகத் தெரிந்தன. ஒவ்வொரு பிடியாக வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்துச் சமாளித்தாள். வேலை நேரத்தில் இடத்தை விட்டு எழக்கூடாது என்று உத்தரவு வந்தது. போன வாரம் அவள் பிரித்த மூட்டை ஒன்று திரும்பி வந்தது. இன்னொன்று வந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில்தான், காய் வாங்கும் கம்பெனியின் சார்பில் பாதுகாப்புத் தணிக்கைக்குச் செழியன் வந்தார். வெளிச்சம் அளக்கும் கருவியை மேசைமேல் வைத்து, பூசாரி போலக் கண்மூடித் திறந்தார்.

"ஆயிரத்து இருநூறு லக்ஸ். அருமை."

"சார், கண்ணு கூசுது," என்றாள் காளீஸ்வரி. "மூடி போட்டுக் கொஞ்சம் ஒசத்திக் கட்டச் சொல்லுங்க. வேறொண்ணும் வேணாம்."

செழியன் படிவத்தைப் புரட்டினார். "போதிய வெளிச்சம் இருக்கான்னுதாம்மா கேள்வி. கூடிப்போச்சான்னு கேள்வியே இல்ல."

"கேள்வி இல்லாட்டி கண்ணு கூசாதா சார்?" என்றாள் பக்கத்திலிருந்த மருதாயி.

அவர் காதில் அது விழவில்லை. தொழிலாளர் உடல்நலம் என்றொரு கட்டம் காலியாக இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். எழுதியதைச் சத்தமாகவே வாசித்தார்: "பார்வைக் குறைபாடு. நுண்பணிக்குத் தகுதியற்றவர். பாதுகாப்பு கருதி உடனே விடுவிக்கவும்."

"எங் கண்ணு நல்லாத்தேன் இருக்கு. வெயிலுக்கு வாங்க சார், ஒரு படி காயைக் கொட்டுங்க, பிரிச்சுக் காட்டுறேன்."

"வேலை நடக்குறது உள்ளதானம்மா?"

காளீஸ்வரி, செழியனுக்குப் பின்னால் நின்ற முதலாளியைப் பார்த்தாள். "நீங்களாச்சும் சொல்லுங்க மொதலாளி."

"உன் நல்லதுக்குத்தான் ஆத்தா," என்றார் சத்தியநேசன். குரலில் நிஜமாகவே இரக்கம் இருந்தது. விளக்கை உயர்த்தும் எண்ணம்தான் இல்லை. "நாளைக்கு உனக்குக் கண்ணு போனா யாரு பதில் சொல்றது?"

செழியன் பேனாவை மூடவில்லை. "வேற யாருக்காவது கண்ணுல தொந்தரவு இருக்கா?"

மேசையைச் சுற்றியிருந்த மற்ற ஒன்பது பெண்களும் குனிந்து காய் பொறுக்கினார்கள். அவர் ஒவ்வொருவராகக் கேட்டார். ஒவ்வொருத்தியும் இல்லையென்றாள். கடைசியாக மருதாயி. சிவந்த கண்ணை முந்தானையால் ஒற்றிக்கொண்டு சொன்னாள்:

"ஒரு கொறையும் இல்ல சார். பகல் மாதிரி தெரியுது."

குறைகள் ஏதுமில்லை என்று செழியன் எழுதிக்கொண்டார்.

காளீஸ்வரி நகராமல் நின்றாள். மருதாயி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வெரசா போத்தா," என்றாள் மெதுவாக. "பஸ்சு போயிரும்."