ஜீமின் நீலப் பெட்டி

என் அக்கா ஹூரியா குடும்பப் பொறுப்பைப் பற்றிப் பதினொரு வருடம் யோசித்து முனைவர் பட்டத்துக்காக நானூற்றுப் பதினாறு பக்க ஆய்வேடு எழுதினாள். அந்தப் பதினொரு வருடத்தில் என் பிறந்தநாளை ஒன்பது முறை மறந்தாள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தத்துவம் படித்தவர்களுக்குக் கவலைப்பட வேறு பெரிய விஷயங்கள் இருக்கும்.

அவள் செத்தீஃபில் இருபத்தைந்து வருடமாகத் தத்துவ விரிவுரையாளர். நான் அல்ஜியர்ஸில் பல் டாக்டர். வாயைத் திறந்தபடி கிடப்பவர்களிடம் பேசிப் பேசியே எதிர்ப்பேச்சு கேட்கும் பழக்கம் எனக்கு விட்டுப்போயிற்று. எங்கள் இருவருக்கும் நடுவில் யம்மா. மூன்று வருடத்துக்கு முன் அப்பா இறந்தார். அதே மாதம் யம்மா மாடிப்படியில் சறுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அக்காவும் நானும் கூடிப் பேசி ஒரு முறை வைத்தோம்: இரண்டு மாதம் என் வீடு, இரண்டு மாதம் அவள் வீடு. கான்ஸ்டன்டைனில் யம்மா இருந்த மாடியைப் பூட்டினோம். கீழே அவள் தம்பி அலாவா மாமா மட்டும் இருந்தார். அன்றிலிருந்து யம்மா ஒரு நீலப் பெட்டியோடு இரண்டு ஊருக்கும் அலைந்துகொண்டிருந்தாள்.

ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் இந்த முறையைப் பற்றித்தான். பெயர் போட முடியாது என்பதால் அரபி எழுத்துகள். அலிஃப் என்பவள் மூத்த மகள், பொறுப்பானவள். பா என்பவன் தம்பி, 'அக்கறை உண்டு, ஆனால் நினைவூட்ட வேண்டும்'. என்னை மறைப்பதற்காகப் பாவைக் கண் மருத்துவர் ஆக்கியிருந்தாள். ஜீம் என்பவள் வயதான தாய். அலிஃபும் பாவும் ஜீமை நியாயமாகப் பகிர்ந்துகொள்வது எப்படி என்று நாற்பது பக்கம்.

ஆய்வேட்டை அவையில் வைத்து வாதாட வேண்டிய நாள் கான்ஸ்டன்டைன் பல்கலைக்கழகத்தில் வந்தது. யம்மாவுக்கு முறை மாறும் நாளும் அதுதான். விழா முடிந்ததும் அவள் என்னோடு அல்ஜியர்ஸ் வரவேண்டும். வழியில் செத்தீஃபில் அவளை ஏற்றிக்கொண்டேன். நீலப் பெட்டி காரின் பின்னால் ஏறியது.

"நதீர், இன்னிக்கி நான் என் வீட்டுக்குப் போறேன்" என்றாள் யம்மா.

"போலாம் யம்மா. ஒரு எட்டு பாத்துட்டு வருவோம்."

"பாக்கறதுக்கு அது என்ன மியூசியமா? இருக்கப்போறேன்."

"பதினேழு படி இருக்கே யம்மா."

"படியையெல்லாம் எண்ணி வச்சிருக்க. ஏறுறவள ஒரு வார்த்த கேட்டியா?"

நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன். இதே பேச்சு நான்காவது தடவை. அவள் கைப்பையில் வீட்டுச் சாவி இருந்தது எனக்குத் தெரியும். பயணத்துக்குப் பயணம் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

அவையில் எங்கள் சொந்தம் மூன்று வரிசை. அலாவா மாமா மடியில் ஜவ்ஸியா மிட்டாய்ப் பெட்டிகள் நான்கு. அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வெந்நீர் வைப்பதைக்கூட யாராவது பக்கத்தில் நின்று சொல்லவேண்டும். முடிவு சொல்லும் வரை மிட்டாய்ப் பெட்டியைத் திறக்கக்கூடாது, குலவை விடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. முந்தினால் அபசகுனம் என்பார்கள். மாமா ஒரு பெட்டியின் ஓரத்தை ஏற்கெனவே பிரித்திருந்தார்.

"பதம் பாக்க வேணாமாடா?" என்றார் என்னிடம்.

அக்கா நன்றாகப் பேசினாள். பிள்ளைகள் பெற்றோரைப் பார்ப்பது கைம்மாறு அல்ல, பக்கத்தில் நிற்பவருக்குத் தானாக வந்து சேரும் பொறுப்பு என்றாள். எனக்கே கொஞ்சம் கண் கலங்கியது. பிறகு தேர்வுக் குழுத் தலைவர் பென்ஷரீஃப் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு நான்காம் அத்தியாயத்துக்கு வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எலும்பில் ஒட்டியிருக்கும் கறியைக்கூட விடமாட்டார்.

"அலிஃபும் பாவும் முறை வச்சுக்கிட்டாங்க, சரி. அதுக்கு ஜீம் சம்மதிச்சாங்கன்னு எழுதியிருக்கீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஜீமின் நலனுக்காகவே செய்யப்பட்ட ஏற்பாடு" என்றாள் அக்கா மேடை அரபியில். "நியாயமாக யோசிக்கும் எந்தத் தாயும் சம்மதிப்பாள் என்று கொள்ளலாம்."

"இல்ல" என்று முதல் வரிசையிலிருந்து ஒரு குரல்.

பென்ஷரீஃப் கண்ணாடியை இறக்கினார். "யாரும்மா அது?"

யம்மா எழுந்து நின்றாள். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "நான்தான் ஜீம்."

சபை சிரித்தது. நான் செருப்பைப் பார்த்தேன். அக்காவின் முகம் சுவர் மாதிரி வெளுத்துவிட்டது. யம்மா முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். அடுத்தவர் பேச்சைக் காதில் வாங்கி வாயை மூடிக்கொண்டிருந்து சம்பளம் வாங்கியவள். ஒரு மாதமாக அக்கா சமையலறையில் நின்று இந்த அத்தியாயத்தைச் சத்தம்போட்டுப் படித்துப் பழகியிருக்கிறாள். யம்மா பக்கத்தில் பட்டாணி உரித்தபடி முழுவதையும் கேட்டிருக்கிறாள்.

"பார்வையாளர் பேசற வழக்கமில்லையே" என்றார் குழுவில் ஒருவர்.

"இவங்க பார்வையாளர் இல்லையே, உதாரணம்" என்றார் பென்ஷரீஃப். "சொல்லுங்கம்மா."

"நாப்பது பக்கமும் நான் படுத்தே கெடக்கேன் சார்" என்றாள் யம்மா. "மருந்து குடுக்கறாங்க, போர்வ போத்தறாங்க, ஊருக்கு ஊர் கொண்டு போறாங்க. நல்லாத்தான் பாத்துக்கறாங்க, பொய் சொல்லக்கூடாது. யார் என்னப் பாத்துக்கணும்னு எல்லாம் எழுதியாச்சு. நான் யாரப் பாத்துக்கணும்னு ஒரு வரி இருக்கா?"

யம்மா ஒரு கையைப் பையிலிருந்து எடுத்து மாமாவைக் காட்டினாள்.

"இதோ உக்காந்திருக்கானே, என் தம்பி. மூணு வருஷமா நின்னுக்கிட்டே டப்பா மீன் திங்கறான். தெனம் பதினோரு மணிக்குப் போன் போட்டு, கடலைக்கு எவ்வளவு தண்ணின்னு கேக்கறான். நான் இந்த ஊர்லேர்ந்தும் அந்த ஊர்லேர்ந்தும் தண்ணிக்கு அளவு சொல்லிக்கிட்டிருக்கேன். எங்கம்மா சாகறப்ப இவனை என் கையிலதான் புடிச்சுக் குடுத்தா. அது பொறுப்பு இல்லையா? நான் ஜீமா இருந்தா எனக்கு அது கிடையாதா?"

அலாவா மாமாவின் வாயில் ஜவ்ஸியா இருந்தது. அதை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பென்ஷரீஃப் அக்காவைப் பார்த்தார். "பதில் இருக்கா, ஹூரியா?"

என் அக்காவை எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில் என் சைக்கிளைச் சுவரில் மோதிவிட்டு, சுவர் இருந்த இடம் தவறு என்று அரைமணி நேரம் வாதாடியவள். பதினொரு வருட உழைப்பு மேசையில் இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் யம்மாவின் வாயை அடைக்க அவளால் முடியும். அடைத்துவிட்டால் நீலப் பெட்டி என்னோடு அல்ஜியர்ஸ் வரும், யம்மா வாழ்நாளுக்கும் இதைப் பேசமாட்டாள்.

அக்கா ஆய்வேட்டை மூடினாள். மேடை அரபியை விட்டு வீட்டுப் பேச்சுக்கு இறங்கினாள்.

"பதில் இல்ல சார். நான் ஜீம்கிட்ட கேக்கவேயில்ல. பக்கத்து அறையிலதான் இருந்தாங்க, நாலு அடி நடந்தா போதும். நான் உக்காந்து அவங்க சம்மதத்த எழுதிட்டிருந்தேன். நாலாவது அத்தியாயம் தப்பு."

பட்டமே கைநழுவிப் போகலாம் என்று மூன்று வரிசைக்கும் புரிந்தது. அந்த நேரம் பார்த்து யம்மா தலையை நிமிர்த்தி, நாக்கைச் சுழற்றி, ஒரு குலவை விட்டாள். நீளமான, கணீரென்ற குலவை. முடிவு வரவில்லை, குழு எழுந்திருக்கக்கூட இல்லை. ஒரு கணம் திகைத்த எங்கள் அத்தைமார்களும் சேர்ந்துகொண்டார்கள். கூரை இடிந்து விழாதது ஆச்சரியம். நானும் கத்தினேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன், மகிழ்ச்சி தாங்காமல் கத்தினேன். ஐம்பது வருடத்தில் என் அக்கா தான் செய்தது தப்பு என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

குழு உள்ளே போய் அரைமணி நேரம் கழித்து வந்தது. பட்டம் உண்டு, உயர்ந்த பாராட்டும் உண்டு, நான்காம் அத்தியாயத்தை மட்டும் திருத்தி எழுதவேண்டும். எல்லோரும் யம்மாவைப் பார்த்தோம்.

"நான் அப்பவே விட்டுட்டேன்" என்றாள் அவள். "ஒரு நல்ல காரியத்துக்கு ஒரு குலவ போதும்."

மிட்டாய்ப் பெட்டிகளோடு பாலத்தைக் கடந்து எல்லோரும் யம்மாவின் வீட்டுக்கு நடந்தோம். பென்ஷரீஃப் கூடவே வந்தார், ஜவ்ஸியாவுக்காக என்று நினைக்கிறேன். பதினேழு படியிலும் கைப்பிடி போடுவதாக நான் சொன்னதற்கு யம்மா சரி என்றாள். பிறகு யாரையும் பிடித்துக்கொள்ளாமல் ஏறினாள். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினோம். மேலே சாவியைத் திருப்பினாள், ஜன்னல்களைத் திறந்தாள், அடுப்பைப் பற்றவைத்து மாமாவை அதட்டி உட்காரவைத்தாள். அக்கா சமையலறை மேசையில் பேனாவோடு உட்கார்ந்தாள்.

"சரி, இப்ப கேக்கறேன். ஜீமுக்கு என்ன வேணும்?"

"மொதல்ல ஜீமுக்கு ஒரு கிலோ வெங்காயம் வேணும். எழுதிக்க" என்றாள் யம்மா.

நான் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்ற காருக்குத் திரும்பிப் போய் நீலப் பெட்டியைத் தூக்கிவந்தேன். யம்மா அதைக் கட்டிலில் வைத்துத் துணிகளை ஒவ்வொன்றாக அலமாரிக்கு மாற்றினாள். அடியில் கிடந்த சீப்பையும் எடுத்துக்கொண்டாள். காலிப் பெட்டியைப் பூட்டி என் கையில் கொடுத்தாள்.

"இத நீ எடுத்துட்டுப் போ. இனிமே முறை உங்களுக்கு. முதல் ரெண்டு வாரம் நீ வா, அப்புறம் அவ. வர்றவங்களுக்குத்தான் பெட்டி வேணும்."