சினை நின்ற காந்தம்

ஆரணிக் கல்லூரியில் இயற்பியல் நடத்தும் பரிமளா, மாத்திரை அளவு கறுப்பு வில்லை ஒன்றை நான்காம் முறையாக உலையில் சுட்டிருந்தாள். இட்ரியம், பேரியம், செம்பு கலந்த வில்லை. திரவ நைட்ரஜனில் குளிர்ந்தால் அதன் மின்தடை அறவே போய், மேலே வைத்த காந்தம் அந்தரத்தில் நிற்க வேண்டும். மூன்று முறையும் காந்தம் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. இனியும் நிற்காவிட்டால் உலை வேதியியல் துறைக்குப் போகும் என்று முதல்வர் ரங்கசாமி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். சிரித்துச் சொன்னதை அவர் தவறாமல் செய்வார்.

நைட்ரஜன் கொண்டுவந்தவர் மாடுகளுக்குச் சினை ஊசி போடும் தருமன். காளை விந்து உறையும் அதே நைட்ரஜன்தான்.

"மூணு ஊசிக்கும் சினை நிக்கலன்னா, மாட்டயே வித்துடுவாங்க மேடம்," என்றார்.

பரிமளா சாயப்பட்டறை வீட்டுப் பெண். பட்டில் நிறம் ஏறியதும் கொதிக்கும் தொட்டியிலிருந்து சட்டென்று தூக்கிவிட வேண்டும். அந்தக் கை, வெந்த வில்லையையும் சுடச்சுட வெளியே இழுத்தது. நான்காம் முறை மட்டும், வந்தவாசிக் கல்யாணத்துக்குப் போனவளின் பஸ் வழியில் படுத்துக்கொண்டது. திரும்புவதற்குள் உலை தானாக நிதானமாய் ஆறியிருந்தது. உலைக்குள் ஆக்சிஜன் விடும் குழாயை மூட மறந்த பெருமையும் அவளுடையதே.

அன்று காந்தம் நின்றது. முதல்வர் கைதட்டினார். பரிமளாவுக்கோ மனத்தின் அரிப்பு அடங்கவில்லை. நின்றது ஆக்சிஜனாலா, அதிர்ஷ்டத்தாலா? அதே வில்லையை மறுபடி சுட்டு, பழைய கையோடு வெடுக்கென்று இழுத்துப் பார்க்கப் போவதாகச் சொன்னாள்.

"நின்னுகினு இருக்கறத ஏம்மா கெடுக்கற? அப்புறம் உலைக்கு நான் பொறுப்பில்ல," என்றார் முதல்வர்.

கெடுத்தாள். காந்தம் பொத்தென்று விழுந்தது. முதல்வர் சிரித்தார். பரிமளா ஒரே ஒரு நாள் அவகாசம் கெஞ்சி வாங்கி, அதே வில்லையை ஆக்சிஜனில் மறுபடி சுட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, மெல்ல மெல்ல ஆறவிட்டாள். அவள் வாழ்க்கையிலேயே கடினமான வேலை அதுதான்.

மறுநாள் தருமன் நைட்ரஜனை ஊற்றினார். புகை விலகியது. காந்தம் நின்றது.

அவசரத்தில் வெளியேறிய ஆக்சிஜன், நிதானத்தில் திரும்ப ஏறியிருக்கிறது. அது ஏறினால்தான் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து தடையில்லாமல் ஓடுகின்றன. ஏன் சேர்கின்றன என்பது உலகம் முழுக்க இன்னும் தீராத வழக்கு. எதை உருவினால் பிரிகின்றன என்பதை ஆரணி கண்ணால் பார்த்துவிட்டது.

முதல்வர் சிரிக்காமல் சொன்னார்: "உலை இங்கயே இருக்கட்டும்மா."

தருமன் காந்தத்துக்கு அடியில் ஒரு காகிதத்தை நுழைத்து, மறுபக்கம் உருவினார். எதுவும் தட்டவில்லை.

"சினை நின்னுடுச்சிங்க மேடம்."